சில்லிழந்த பீரங்கிகள்

2023 டிசெம்பரில் கொழும்பு தேசிய நூதனசாலைக்கு ஒரு பீரங்கி திரும்பி வந்தது. லெவ்கே திசாவையின் பெயரோடு சேர்த்து வழங்கப்படும் அந்தச் சிறு பீரங்கி, வெண்கலக் குழலின் மீது பொன்னும் வெள்ளியும் போர்த்தி, மாணிக்கக் கற்கள் பதித்துச் செய்யப்பட்டது. 1765இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் தேசாதிபதி வான் எக்கின் படைகள் கண்டி அரண்மனையைச் சூறையாடியபோது கைப்பற்றிக் கொண்டு சென்ற பொருள் அது. மதுரை நாயக்கர் வழிவந்த கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் அப்போது கண்டியில் ஆட்சியிலிருந்தான். 258 ஆண்டுகளின் பின்னர், அம்ஸ்ரர்டாம் நகரின் ரைக்ஸ் நூதனசாலையிலிருந்து இரண்டு வாள்கள், ஒரு கத்தி, இரண்டு துவக்குகள் ஆகியவற்றோடு அது தாயகம் மீண்டது. பத்திரிகைகள் முதற்பக்கத்தில் செய்தி வெளியிட்டன. அமைச்சர்கள் உரையாற்றினார்கள். மகிழ வேண்டிய நிகழ்வுதான், நானும் மகிழ்ந்தேன்.

ஆயினும் எல்லோரும் ஒரு பொருளையே பார்த்துக் கொண்டிருக்கும்போது, பக்கத்தில் யாரும் பார்க்காமல் கிடப்பது எது என்று தேடுவது பத்திரிகைத் தொழில் எனக்குக் கற்றுத்தந்த பழக்கம். மாணிக்கம் பதித்த ஒரு பீரங்கிக்குக் கண்ணாடிப் பேழை கிடைத்துவிட்டது. பொன்னும் மணியும் இல்லாத வெறும் வார்ப்பிரும்புப் பீரங்கிகள் நம் கரையோரமெங்கும் உப்புக்காற்றில் கிடக்கின்றன. அவை தினமும் செத்துக் கொண்டிருக்கின்றன என்று சொன்னால் மிகையெனக் கருதவேண்டாம். இரும்புக்கும் மரணம் உண்டு.

கரையோர நகரம் ஒன்றின் அரச அலுவலக முற்றத்தில் சில ஆண்டுகளுக்கு முன்னர் நான் கண்ட பீரங்கியை இங்கு குறிப்பிட வேண்டும். இரண்டு சீமெந்துக் கட்டைகளின் மீது அது கிடத்தப்பட்டிருந்தது. கன்னங்கரிய பளபளக்கும் எனாமல் பூச்சு. குழல்வாய் வானத்தை நோக்கியிருந்தது. உள்ளே மழைநீரும் சிகரெட் துண்டுகளும். எக்காலத்துப் பீரங்கி என்று கேட்டேன். "வெள்ளைக்காரன் காலத்தது ஐயா" என்றார் அங்கிருந்த உத்தியோகத்தர். எந்த வெள்ளைக்காரன் என்றேன். சிரித்தார். "ஒவ்வொரு வருசமும் சுதந்திர தினத்துக்கு முதல் பெயின்ற் அடிக்கிறம்" என்று பெருமையோடு சொன்னார். அவர் நல்ல மனிதர். தமக்குத் தெரிந்த அளவில் அந்தப் பொருளைப் பேணுவதாகவே நம்பினார். ஆனால் அந்தப் பூச்சின் அடியில்தான் என் கேள்விக்கான விடை புதைந்து கிடந்தது. பிரித்தானியப் பீரங்கியாயின் அரசமுத்திரையும், எடை குறித்த இலக்கங்களும் குழலின் மேற்புறத்தில் இருக்கும். ஒல்லாந்தக் கம்பனியுடையதாயின் வி, ஓ, சி என்னும் மூன்று எழுத்துகளும் பின்னிய சின்னம் இருக்கும். ஆண்டுதோறும் ஏறும் வர்ணப்படைகள் அந்த எழுத்துகளை முதலில் மறைக்கின்றன. பிறகொரு நாள் யாராவது ஆர்வமிகுதியால் மணல் வீச்சு இயந்திரத்தைக் கொண்டு வந்து பூச்சை உரிக்கும்போது, எழுத்தும் சேர்ந்து உரிந்துவிடுகிறது.

பீரங்கி என்ற சொல்லே ஒரு சரித்திரம். பறங்கி என்பதும் பீரங்கி என்பதும் ஒரே வேரிலிருந்து வந்தவை. ஐரோப்பியரைக் குறிக்கப் பாரசீகத்திலும் அரபியிலும் வழங்கிய சொல், இங்கே ஆளுக்கும் பெயராயிற்று, ஆள் கொண்டுவந்த ஆயுதத்துக்கும் பெயராயிற்று. கடலில் வந்தவனும் அவன் கப்பலில் இருந்த குழாயும் நம் முன்னோர் காதில் ஒரே ஓசையாகவே விழுந்திருக்கின்றன.

கடலிலிருந்து எடுக்கப்படும் இரும்புப் பீரங்கிக்கு என்ன நேர்கிறது என்பதை அறிந்தால், கரையில் கிடப்பதற்கு என்ன நேர்கிறது என்பதும் விளங்கும். இதற்கு நன்கு பதிவான உதாரணம் கப்டன் ஜேம்ஸ் குக்கின் 'என்டெவர்' கப்பலின் பீரங்கிகள். 1770 யூன் மாதத்தில் அக்கப்பல் அவுஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரைக்கப்பால் பவளத்திட்டு ஒன்றில் ஏறிச் சிக்கிக்கொண்டது. பாரத்தைக் குறைத்துக் கப்பலை மிதக்கவைக்க, அடிப்பாரமாக இருந்த இரும்பையும் கல்லையும் எறிந்ததோடு ஆறு பீரங்கிகளையும் கடலில் தள்ளினார்கள். கப்பல் தப்பியது. 1969இல் பிலடெல்பியா இயற்கை விஞ்ஞானக் கழகத்தின் குழுவொன்று காந்தமானியின் உதவியுடன் அந்த ஆறையும் கண்டுபிடித்தது. ஏறத்தாழ 200 ஆண்டுகளில் பவளம் அவற்றை முழுமையாக மூடி வளர்ந்திருந்தது.

பவளத்தை உடைத்தெடுத்தவுடன் வேலை முடிந்ததென்று எண்ணுவோம். உண்மையில் ஆபத்து அப்போதுதான் ஆரம்பிக்கிறது. வார்ப்பிரும்பு கடல்நீரில் நெடுங்காலம் கிடந்தால் அதிலுள்ள இரும்பு மெல்லக் கரைந்து வெளியேறுகிறது. காரீயம் மட்டும் பழைய வடிவத்திலேயே எஞ்சி நிற்கிறது. பார்வைக்கு எழுத்தும் முத்திரையும் அப்படியே இருக்கும். ஆனால் மேற்படை கத்தியால் செதுக்கக்கூடிய அளவுக்கு மென்மையாகியிருக்கும். அதனுள் கடலுப்பின் குளோரைட்டு ஊறி நிற்கும். அத்தகைய பீரங்கியை வெளியே எடுத்துக் காயவிட்டால் உள்ளிருக்கும் இரும்பு காற்றோடு சேர்ந்து புதிதாகத் துருப்பிடித்து வீங்கும். மேற்படை வெடித்து ஓடு ஓடாகக் கழன்று விழும். கடல் இருநூறு ஆண்டுகள் காப்பாற்றியதை நாம் சில மாதங்களில் அழித்துவிடலாம்.

என்டெவர் பீரங்கிகளை மெல்பேர்ண் நகரிலிருந்த பாதுகாப்புத்துறை ஆய்வுகூடம் பொறுப்பேற்றது. சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசல் நிரப்பிய தொட்டியில் பீரங்கியை அமிழ்த்தி, அதனை மின்கலத்தின் எதிர்முனையோடு இணைத்து, சுற்றிலும் உருக்குத் தகட்டை நேர்முனையாக வைத்து மிகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்துவார்கள். குளோரைட்டு சிறிது சிறிதாக வெளியேறிக் கரைசலில் கலக்கும். கரைசலை அளந்து பார்த்து, மாற்றி, மறுபடி அளக்க வேண்டும். பெரிய பீரங்கிகளுக்கு இது ஆண்டுக்கணக்கில் நீளும். உப்பு வருவது நின்ற பின்னர் கழுவி உலர்த்தி மெழுகேற்றுவார்கள். இன்று அந்த ஆறும் பிலடெல்பியா, கிறீனிச், வெலிங்டன், கன்பரா, சிட்னி, குக்ரவுண் என்று உலகெங்கும் பிரிந்து நிற்கின்றன. இந்த வேலைக்குத் தேவைப்படும் சாமான்களின் பட்டியலைப் பார்த்தால் வியப்பாக இருக்கும்: ஒரு தொட்டி, காரச்சோடா, உருக்கு வலை, மின்வழங்கி. எங்கள் ஊரில் கிடைக்காதது எதுவுமில்லை. ஆண்டுக்கணக்காக வாரந்தோறும் அந்தக் கரைசலை அளந்து குறிப்பெழுதும் ஓர் ஆள்தான் கிடைப்பதில்லை.

குழலைக் காப்பாற்றியாயிற்று. அது எதன் மீது நின்றது?

பீரங்கி என்றவுடன் நமக்குக் குழாய் மட்டுமே நினைவுக்கு வருகிறது. கப்பற் பீரங்கியில் பாதி அறிவு குழாயில் இருந்ததென்றால் மறுபாதி அதைத் தாங்கிய மரவண்டியில் இருந்தது. இரண்டு தடித்த பக்கப் பலகைகள், அவற்றை இணைக்கும் குறுக்குக் கட்டை, முன்னும் பின்னும் இரண்டு அச்சுகள், நான்கு சிறிய கனத்த மரச்சில்லுகள். குழலின் இருபுறமும் கைபோல நீளும் தண்டுகள் பலகைகளின் மேல்விளிம்பிலுள்ள பள்ளங்களில் அமரும். மேலே இரும்புப் பட்டை பூட்டும். குழலின் பின்புறத்துக்கு அடியில் ஓர் ஆப்பு. அதை உள்ளே தள்ளினால் வாய் தாழும், இழுத்தால் உயரும். பக்கப் பலகையின் பின்பகுதி படிபடியாகச் செதுக்கப்பட்டிருப்பது அழகுக்காக அன்று; நெம்புகோலை அந்தப் படியில் ஊன்றித்தான் குழலைத் தூக்குவார்கள். முன்சில்லுகள் பின்சில்லுகளிலும் சற்றுப் பெரியவையாக இருப்பதும் காரணத்தோடுதான். மழையும் அலைநீரும் வழிந்தோடக் கப்பலின் தளம் நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருக்கும். அந்தச் சரிவை ஈடுசெய்தால்தான் குழல் மட்டமாக நிற்கும். வெடித்தவுடன் வண்டி பின்னோக்கிப் பாயும். தடித்த வடம் அதை இழுத்து நிறுத்தும். இந்த ஏற்பாட்டில் ஏதாவதொன்றை எடுத்துவிட்டால் எஞ்சுவது சுடத் தெரியாத இரும்புக் குழாய்.

மேற்சொன்ன வருணனையை வாசிக்கும்போது வாசகர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வந்திருக்கக்கூடும். ஆரக்காலில்லாத கனமரச் சில்லு, இரட்டை அச்சு, வடம், முட்டுக்கட்டை: இவை நம் கோயில் தேரின் அடிப்பாகத்தில் உள்ளவை அல்லவா? தொன்கணக்கான பாரத்தை மரச்சில்லில் ஏற்றி, ஓடவும் வைத்து, வேண்டிய இடத்தில் நிறுத்தவும் தெரிந்த கைகள் இன்றும் நம்மிடையே உள்ளன. இதற்குப் பின்னர் வருகிறேன்.

மரவண்டிக்கு என்ன ஆயிற்று என்பதில் இயற்கையின் விளையாட்டு ஒன்றிருக்கிறது. மரத்தைத் துளைத்துண்ணும் கடற்புழுக்கள் நிறைந்த வெப்பக்கடலில் இரும்பு கிடைக்கும், வண்டி கிடைக்காது. சுவீடனின் ஸ்ரொக்ஹோம் துறைமுகத்தில் நேர்மாறாக நடந்தது. 1628 ஓகஸ்ட் 10ஆந் திகதி கன்னிப் பயணத்திலேயே கவிழ்ந்த 'வாசா' போர்க்கப்பலில் 64 பீரங்கிகள் இருந்தன. வெண்கலத்தின் விலை கருதி, 1660களில் சுழியோடிகள் மணிவடிவக் கூண்டுக்குள் நின்றபடி இருட்டில் ஐம்பதுக்கும் மேற்பட்டவற்றைக் கழற்றி எடுத்துவிட்டார்கள், அவை விற்கப்பட்டன. வண்டிகளை யார் விலைக்கு வாங்குவார்கள்? அவற்றை விட்டுச் சென்றார்கள். உப்புக் குறைந்த பால்ட்டிக் கடலில் அந்தப் புழு வாழ்வதில்லை. 1961இல் வாசா மேலே எழுந்தபோது 24 இறாத்தல் குண்டெறியும் பீரங்கிகள் மூன்று மட்டும் எஞ்சியிருந்தன. ஆளில்லாத வீட்டின் கதிரைகளைப் போல வண்டிகள் வரிசையாக இருந்தன.

அங்கே செய்த காரியம்தான் என்னை இந்தக் கட்டுரை எழுதத் தூண்டியது. எஞ்சிய பீரங்கியை அளந்து, அதே வடிவில் வெண்கலத்தில் புதியதொன்றை வார்த்தார்கள். ஒரு தொன்னுக்கும் மேற்பட்ட எடை. 2014இல் அதைச் சோதனைக்களத்துக்குக் கொண்டுசென்று உண்மையாகவே சுட்டார்கள். குண்டின் வேகத்தை அளந்தார்கள். கப்பலின் பக்கச்சுவரைப் போல ஓக் மரத்தில் கட்டிய சுவரைக் குண்டு துளைப்பதைப் படம்பிடித்தார்கள். மூலப்பொருளைத் தொடாமலே அதைப் பற்றி அறிந்துகொள்ளும் வழி இது. நூதனசாலையிலுள்ள மூலத்தை யாரும் சுட்டுப்பார்க்க முடியாது. ஆனால் அதன் பிரதி பேசும். பிரதி என்றாலே போலி என்று முகஞ்சுளிக்கும் அறிஞர்கள் நம்மிடையே உண்டு. அவர்களோடு நான் உடன்படவில்லை. பிரித்தானியாவின் போர்ட்ஸ்மவுத்தில் நிற்கும் நெல்சனின் 'விக்டரி' கப்பலில் பார்வையாளர் காணும் பீரங்கிகளில் மிகப்பெரும்பாலானவை எடைகுறைந்த பொருளில் செய்த பிரதிகளே. அத்தனை இரும்பையும் ஏற்றினால் முதிர்ந்த அந்தக் கப்பலின் உடல் தாங்காது. அங்கே பிரதி மூலத்தைச் சுமையிலிருந்து காக்கிறது. இங்கே வெயிலிலிருந்தும் மழையிலிருந்தும் காக்கலாம்.

எனது கருத்து இதுதான். எழுத்தும் முத்திரையும் எஞ்சியுள்ள பழம்பீரங்கி ஒவ்வொன்றும் உரிய முறையில் உப்பு நீக்கப்பட்டுக் கூரையின் கீழ் செல்லவேண்டும். கோட்டையின் கொத்தளத்தில் அதன் பிரதி நிற்கட்டும். சரியான வண்டியின் மீது, சரியான உயரத்தில், கடலை நோக்கி. பிரதியின் குழலில் அது வார்க்கப்பட்ட ஆண்டைப் புடைப்பெழுத்தில் வார்த்துவிட வேண்டும். பலகையில் எழுதி ஆணியடித்தால் போதாது. பலகை காணாமற் போகும். புதிய குழலுக்கு அமிலம் தடவித் துருவேற்றிப் பழம்பொருளாக விற்கும் வணிகம் உலகெங்கும் நடப்பதால் இதில் கண்டிப்பு அவசியம்.

எழுத்தும் அழிந்து, வெளியிலேயே இருக்கவேண்டிய நிலையிலுள்ள பீரங்கிகளுக்கும் செய்யக்கூடியவை உண்டு. குழல்வாயைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்தால் மழைநீர் தங்காது. இரும்பு சீமெந்தைத் தொடும் இடத்தில் ஈரம் நின்று அரிக்கும். சீமெந்துக் கட்டையை அகற்ற வேண்டும். பளபளக்கும் எனாமலை நிறுத்த வேண்டும். இவற்றுக்கு அமைச்சரவைப் பத்திரம் தேவையில்லை.

வண்டி விடயத்தில் இன்னுமொரு எச்சரிக்கை. தரைப்படைப் பீரங்கிக்கு உரிய, ஆரக்கால் வைத்த பெரிய சக்கரங்களைக் கப்பற் குழலுக்கும் கோட்டைக் குழலுக்கும் மாட்டிவைக்கும் வழக்கம் பல நாடுகளிலும் உண்டு. சினிமாவில் பார்த்ததை வைத்துச் செய்வது. மாட்டுவண்டிச் சக்கரத்தின் மேல் கப்பற் பீரங்கியை ஏற்றுவது, தோணியின் பாய்மரத்தைத் தேரில் நடுவதற்கு ஒப்பாகும். மரவண்டிகள் வெப்பநாடுகளில் விரைவில் உழுத்துப்போவதைக் கண்ட பிரித்தானியர் 19ஆம் நூற்றாண்டில் கரையோரக் கோட்டைகள் சிலவற்றுக்கு வார்ப்பிரும்பு வண்டிகளையே அனுப்பினார்கள். எதிரியின் குண்டு பட்டால் அவை சிதறி அருகில் நிற்பவரையே கொல்லும் என்பதால், அமைதிக்காலத்துக்கும் தாக்குதலுக்கு வாய்ப்புக் குறைந்த இடங்களுக்கும் மட்டுமே அவை உரியவையெனக் கருதினார்கள். ஆகவே எந்தக் காலத்துக் குழலுக்கு எந்த வண்டி என்பதை ஆராயாமல் தச்சரிடம் மரத்தைக் கொடுக்கக் கூடாது.

இதையெல்லாம் எழுதும்போது எழும் கேள்வி எனக்குத் தெரியும். நண்பர்கள் நேரிலேயே கேட்டிருக்கிறார்கள். நம்மை அடக்கியவனின் ஆயுதத்துக்கு நாம் ஏன் பணம் செலவழிக்க வேண்டும்? வீடிழந்தவருக்கு வீடு கட்ட வழியில்லாத மண்ணில் பறங்கியின் பீரங்கிக்குச் சில்லுப் பூட்டுவதா? நியாயமான கேள்வி. யாழ்ப்பாணக் கோட்டை 1658 யூனில் மூன்று மாதங்களுக்கும் மேற்பட்ட முற்றுகையின் பின்னர் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தரிடம் வீழ்ந்தது. 1990இல் அதே கோட்டை மறுபடி முற்றுகைக்குள்ளானது. யுத்தம் அதைச் சிதைத்தது. யுத்தம் முடிந்த பின்னர் நெதர்லாந்தின் உதவியோடு அதன் திருத்தவேலைகள் நடந்தபோது இதே கேள்வி எழுந்தது. அந்தக் கற்களின்மீது அன்பு வைக்கும்படி யாரும் நம்மைக் கேட்க முடியாது.

ஆனால் வழக்கொன்றில் எதிரியின் கத்தியைத் தடயப்பொருளாகப் பூட்டிவைப்பது எதிரிமீதுள்ள அன்பினால் அன்று. லெவ்கே பீரங்கி திரும்பி வந்ததே எப்படி? அதன்மீது எழுத்து இருந்தது. அது கைப்பற்றப்பட்டதற்கும் கைமாறியதற்கும் சான்றுகளைத் தேடி, ஒப்பிட்டு, எழுதினார்கள். சான்று இருந்ததால் கேட்க முடிந்தது. நம் கரையிலுள்ள குழல்களின் எழுத்தை நாமே பூச்சடித்து அழித்துவிட்டு, நாளைக்கு எதைக் காட்டி எதை நிறுவப் போகிறோம்? யார், எப்போது, எவ்வளவு வலிமையோடு வந்தார்கள் என்பதை அந்த எடையிலக்கங்கள் சொல்கின்றன. அடக்கப்பட்டவனுக்கே அந்தக் கணக்கு அதிகம் தேவை.

பணம் பற்றியும் சொல்லவேண்டும். இந்த நாட்டில் இந்த அறிவு இல்லாமல் இருந்ததில்லை. 1659 யூலை 2ஆந் திகதி காலித் துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்த 'அவொண்ட்ஸ்டர்' என்ற ஒல்லாந்தக் கம்பனிக் கப்பல் கரையொதுங்கி மூழ்கியது. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் இலங்கைத் தொல்பொருளியலாளர்கள் சுழியோடப் பயின்று, ஒல்லாந்த நிதியுதவியுடன் அதனை அகழ்ந்தார்கள். எடுத்தவற்றைப் பதனிடக் கரையிலேயே ஓர் ஆய்வுகூடம் அமைத்தார்கள். 2004 டிசெம்பர் 26 காலை ஆழிப்பேரலை அந்த நிலையத்தையும் ஆய்வுகூடத்தையும் அழித்தது. பெரும்பாடுபட்டு எடுத்த பொருட்கள் பலவற்றைக் கடல் திரும்ப வாங்கிக்கொண்டது. மக்கள் ஆயிரமாயிரமாக இறந்த நாளில் பழம்பொருட்களுக்காக யார் அழுவார்கள்? ஆயினும் அந்தக் கூட்டம் கற்றுக்கொண்ட வித்தை அவர்களோடு முடிந்துபோகாமல், திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் ஒவ்வொரு தொட்டியாக மறுபடி தொடங்கப்பட வேண்டும். பல்கலைக்கழக இரசாயனவியல் மாணவருக்குக் குளோரைட்டு அளப்பது முதலாண்டுப் பயிற்சி. தொல்லியல் மாணவருக்குக் குழலின் எழுத்தைப் படியெடுப்பது ஒரு வார வேலை. இரு துறைகளும் ஒரு முற்றத்தில் சந்திக்க வேண்டும், அவ்வளவே.

வண்டியைத் தேர் செய்யும் ஆச்சாரிமாரிடம் ஒப்படைக்கலாம் என்பது என் யோசனை. ஐரோப்பாவில் பிளக்காத எல்ம் மரத்தைப் பயன்படுத்தினார்கள். நம் காட்டில் முதிரையும் பாலையும் இருக்கின்றன. மரத்தின் எந்தப் பக்கம் வெயிலுக்கு வெடிக்கும், எந்தப் பருவத்தில் வெட்டினால் புழு விழாது என்பதை அவர்களுக்குப் புத்தகம் பார்த்துச் சொல்லவேண்டியதில்லை. கோயில்களில் கட்டுத்தேருக்குப் பதிலாக இரும்புச் சட்டங்களும் இறப்பர்ச் சில்லுகளும் வந்துகொண்டிருக்கும் காலம் இது. கனமரச் சில்லொன்றைக் கடைந்து அச்சில் ஏற்றும் வேலை ஆண்டுக்கு ஒன்றிரண்டு கிடைத்தாலும் தகப்பனிடமிருந்து மகனுக்கு அது கைமாற வழியுண்டு. பீரங்கிக்குச் செய்யும் வண்டி தேருக்கும் உதவும்.

ஒரு தடை மட்டும் உண்டு. நம் கோட்டைகளின் குழல்கள் எத்தகைய வண்டிகளின்மீது நின்றன என்பதைக் காட்டும் படங்கள் அரிது. வண்டிகள் போய்விட்டன, உழுத்ததோ, அடுப்புக்குப் போனதோ, பழைய இரும்பாக விற்கப்பட்டதோ. ஆனால் 1920கள் தொடக்கம் 1970கள் வரை கோட்டைக்கு உல்லாசமாகச் சென்று பீரங்கியின்மேல் குழந்தையை ஏற்றியிருத்திப் படம்பிடிக்காத குடும்பம் உண்டா? புலம்பெயர்ந்தவர்களின் பெட்டிகளில் அந்த அல்பங்கள் இருக்கின்றன. ரொறன்ரோவிலோ பாரிஸிலோ மெல்பேர்ணிலோ இருந்து இதை வாசிப்பவர்கள் ஒருமுறை அவற்றைப் புரட்டிப் பாருங்கள். குழந்தையின் காலுக்குக் கீழே பக்கப் பலகையின் படிகள் தெரிகின்றனவா, சில்லு மரமா இரும்பா, முன்சில்லு பெரிதா என்று பாருங்கள். தெரிந்தால் படத்தின் பின்புறத்தில் எழுதியுள்ள ஆண்டையும் ஊரையும் சேர்த்துப் பிரதியெடுத்து அனுப்புங்கள். மங்கலான படமானாலும் பரவாயில்லை. அளவெடுக்கக் குழந்தையின் கால் போதும்.